மேசையில் கை உள்ளது

இது நடந்தது. யாருக்கோ இல்லை, எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நேரில் வந்தால் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டத் தயார். தொட்டும் பார்க்கலாம். அமுக்க மட்டும் வேண்டாம், இன்னும் வலிக்கிறது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். பல்லியைப் பார்த்துவிட்டு வந்து உடும்பு என்பேன். நூறு டிகிரி காய்ச்சலை நூற்றாறு ஆக்குவேன். "உங்க வாய்க்குள்ள போன கொசு, கொம்பு முளைச்சுத்தான் வெளிய வரும்" என்பாள் என் மனைவி. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் குறைத்துத்தான் சொல்லப்போகிறேன். உள்ளது உள்ளபடி சொன்னால் பாதியிலேயே எழுந்துபோய் விளக்கைப் போடுவீர்கள். போட்டும் பயனில்லை. இது நடந்தது பட்டப்பகலில். வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

முப்பத்து நாலு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன் நான். கைராசிக்காரன் என்று பேர். நான் பக்கத்தில் போய் நின்றாலே போதும், அதுவரை அடம்பிடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மரியாதையாக எழுந்து உட்காரும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைராசிக்கு வேலையே இல்லை. டிவி ரிமோட்டுக்கு பாட்டரி மாற்றுவதோடு சரி. அதனால் அன்று காலை 9.40க்கு மச்சினன் போன் செய்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ரிட்டயர் ஆனவன் எங்கடா இருப்பான்? நாற்காலியிலதான்."

"உடனே கிளம்பி வாங்க. கட்டிங் மிஷின் செத்துப்போச்சு."

"என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. அதுவா அப்டேட் ஆயிடுச்சு."

இந்த வாக்கியத்தை என் உத்தியோக காலத்தில் ஒரு கோடி தடவை கேட்டிருப்பேன். எந்தக் கம்ப்யூட்டரும் அதுவாக அப்டேட் ஆகாது. 'சரியா?' என்று கேட்கும். டீ குடித்துக்கொண்டே ஒருவர் 'சரி'யை அமுக்குவார். அப்புறம் 'அதுவா ஆயிடுச்சு' என்பார். அன்று காலை எட்டரைக்கு மச்சினனும் அதைத்தான் செய்திருந்தான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் கடைசித் தம்பி. அச்சகம் வைத்திருக்கிறான். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக இரும்புக் கதவு போட்ட கூடங்கள், அதில் மூன்றாவது. உள்ளே நுழைந்ததும் மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். முன்னால் இரண்டு அச்சு இயந்திரங்கள். பின்பக்கச் சுவரோரம், ஓர் ஆள் புகுகிற இடைவெளி விட்டு, அந்தக் கட்டிங் மிஷின்.

அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் பயப்பட வசதியாக இருக்கும்.

காகிதம் வெட்டும் இயந்திரம் அது. படுத்திருக்கிற யானை அளவு. முன்னால் வழவழவென்று ஒரு இரும்பு மேசை. அதன் நடுவில், ஒரு ஆள் நீளத்துக்குக் கத்தி. காகித அடுக்கை மேசையில் வைத்துத் தள்ள வேண்டும். காலடியில் உள்ள மிதியை மிதித்தால் 'கிளாம்ப்' என்கிற இரும்புக் கட்டை இறங்கி அடுக்கை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். தும்! அப்புறம் மேசையின் இடது ஓரத்தில் ஒரு பொத்தான், வலது ஓரத்தில் ஒரு பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். சரக்! அறுநூறு தாள் ஒரே வெட்டில் போகும். இரண்டு கையும் இரண்டு ஓரத்தில் இருப்பதால் கை மாட்டாது. அதையும் மீறிப் பக்கத்தில் நிற்கிற யாராவது கை வைத்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. கத்திக்கு மேலே ஒரு நீளப் பட்டை. அதில் கீழே பார்த்தபடி பதினாறு சிவப்புக் கண்கள், அதாவது சென்சார்கள். எந்தக் கண்ணுக்காவது கை தெரிந்தால் கத்தி அசையாது.

இத்தனையையும் ஆட்டி வைப்பது பக்கத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர். அப்டேட் ஆனது அதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 10.15. மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஸ்கேல் அக்கா நின்றாள். மிஷினை ஓட்டுகிறவள் அவள்தான். ஸ்கேல் வைக்காமலே கண்ணால் அளந்து நூலளவு பிசகாமல் வெட்டுவாள் என்பதால் அந்தப் பட்டம். முப்பது வருஷ அனுபவம். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தொழிலில் அது டாக்டர் பட்டத்துக்குச் சமம்.

"என்னம்மா தொந்தரவு?"

"நீங்களே பாருங்க சார்."

திரையில் பெரிய சிவப்பு எழுத்து.

'மேசையில் கை உள்ளது. அகற்றவும்.'

மேசையைப் பார்த்தேன். காலி. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"யாரும்மா கை வெச்சிருக்கா?"

"காலையில இருந்து இதையேதான் சார் சொல்லுது."

"மாமா, விடைத்தாள் நோட்டு நாலாயிரம்." மச்சினன் என் காதருகே வந்து மூச்சு வாங்கினான். "நாளைக்குப் பரீட்சை. சாயந்தரம் அஞ்சு மணிக்கு வண்டி வந்து நிக்கும். வெட்டாம குடுத்தா என்னையே வெட்டிடுவாங்க."

"பதறாதடா. உங்க அக்காவோட முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். இதெல்லாம் ஒரு பிரச்சினையா?"

மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன். பதினாறு கண்களையும் மெல்லிய துணியால் துடைத்தேன். வயரைக் கழற்றி ஊதி மாட்டினேன். சென்சாரை இயக்குகிற டிரைவர் புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். 'மேசையில் கை உள்ளது.' 'மேசையில் கை உள்ளது.' கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

12.20க்கு, சென்சாரைச் சோதிக்கிற பக்கத்தைத் திறந்தேன். திரையில் பதினாறு கட்டங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. கை தெரியாவிட்டால் பச்சை. தெரிந்தால் சிவப்பு.

பதினாலு பச்சை. ஐந்தாவதும் பதினொன்றாவதும் சிவப்பு.

இரண்டு கண்ணும் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் ஐந்தாவதும் பதினொன்றாவதும் பச்சையாகின. ஆறாவது சிவந்தது. பத்தாவது சிவந்தது. பிறகு இரண்டு சிவப்பும் சேர்ந்து பழைய இடத்துக்கே போயின. உள்ளே... வெளியே. உள்ளே... வெளியே. ஒரே தாளத்தில்.

தூசு இப்படி நகராது.

ஸ்கேல் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... அது தாளைத் தட்டுது."

"எது?"

"அடுக்கு சீரா இருக்கணும்னா ரெண்டு பக்கமும் கையால தட்டித் தட்டி ஒண்ணு சேர்ப்போம். நான் தட்டினா இப்படித்தான் தெரியும்."

"நீதான் இங்க நிக்கிறியேம்மா."

"அதான் சார் சொல்றேன்."

நான் சிரித்தேன். பெரிதாகவே சிரித்தேன். அந்தக் கூடத்தில் அது நன்றாக எதிரொலித்தது. எனக்கே பிடிக்கவில்லை.

சரியாக ஒரு மணிக்குப் பதினாறும் பச்சையாகின. சிவப்பு எழுத்து மறைந்தது. அப்போது நான் மவுஸைத் தொடக்கூட இல்லை. ஆனால் அதைச் சொல்வேனா? "பாத்தியாடா மாப்ளே, கைராசியை!" என்று மச்சினன் முதுகில் ஓர் அறை விட்டேன். ஸ்கேல் அக்கா விறுவிறுவென்று வெட்ட ஆரம்பித்தாள். தும், சரக். தும், சரக். காதுக்கு இனிமையாக இருந்தது.

1.30க்குத் திரை மறுபடி சிவந்தது.

'மேசையில் கை உள்ளது. அகற்றவும்.'

அதற்கு மேல் ஒரே வழிதான். அப்டேட்டையே நீக்கிக் கம்ப்யூட்டரை நேற்றைய நிலைக்குக் கொண்டுபோவது. ஆரம்பித்தேன். வட்டம் சுற்றியது. நாற்பது சதவீதம். அறுபது. தொண்ணூற்றெட்டில் வந்து ஒரு பிரசவத்துக்கு ஆகிற நேரம் நின்றது. 2.45க்குத்தான் முடிந்தது.

'மேசையில் கை உள்ளது.'

அப்போதுதான் புரிந்தது. அப்டேட், கம்ப்யூட்டரோடு நிற்காமல் அந்தக் கண் பட்டைக்குள்ளும் இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர் நேற்றைக்குத் திரும்பிவிட்டது. கண்கள் திரும்பவில்லை. அவை புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொண்டதை மறக்க மாட்டேன் என்கின்றன.

"அஞ்சு மணி மாமா..." மச்சினன் அழுதுவிடுவான் போலிருந்தது.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்போம். வெளியே சொல்ல மாட்டோம். கண் பட்டையிலிருந்து வருகிற வயரில் இரண்டு முனைகள் உண்டு. ஒரு சின்னக் கம்பித் துண்டை எடுத்து அந்த இரண்டையும் இணைத்துவிட்டால் போதும். கண் என்ன கத்தினாலும் மிஷினுக்குக் கேட்காது. 'கை இல்லை' என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

"வேண்டாம் சார்." ஸ்கேல் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "முப்பது வருஷத்துல நான் மனுஷங்க பேச்சை நம்பினதில்ல. அந்தக் கண்ணு சொன்னா நம்புவேன்."

"அந்தக் கண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்மா."

"அப்படின்னா நான் பொத்தானைத் தொட மாட்டேன்."

"நீ தொடவே வேண்டாம். நானே வெட்டறேன்."

கம்பியை முறுக்கினேன். மச்சினன் ஓர் அடுக்கு நோட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். மிதியை மிதித்தேன். கிளாம்ப் இறங்கியது.

தும் என்று கேட்கவில்லை.

கிளாம்ப் பாதியில் நின்றுவிட்டது. காகிதத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் உயரத்துக்கு இடைவெளி. குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

ஸ்கேல் அக்கா ஒரு தாளை எடுத்து அந்த இடைவெளிக்குள் மெல்லச் செருகினாள். நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. இடது பக்கம் ஓரிடத்தில் முட்டியது. வலது பக்கம் ஓரிடத்தில் முட்டியது. அவள் தாளை உருவிக்கொண்டு மூன்று அடி பின்னால் போனாள்.

"அழுத்தம் போதல," என்றேன். என் குரல் எனக்கே மெலிந்து கேட்டது. நாற்பதில் இருந்த அழுத்தத்தைக் கம்ப்யூட்டரில் தொண்ணூறுக்கு ஏற்றினேன். மறுபடி மிதித்தேன்.

கிளாம்ப் முனகியது. இறங்கியது. ஒரு நூல்... இன்னொரு நூல்...

அடுக்கு எகிறியது.

அறுநூறு தாளும் ஒரே கட்டையாக எழும்பிப் போய் மச்சினன் முகத்தில் மோதியது. மடேர்! மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம். தாள்கள் கூடம் பூராவும் பறந்து இறங்கின. யாரோ வலி தாங்காமல் உதறிய மாதிரி இருந்தது.

"காத்து!" என்று கத்தினேன். "காகிதம் வழுக்கறதுக்கு மேசைக்கு அடியில இருந்து காத்து ஊதும் இல்ல? அதுதான்!"

அந்த ஊதுகாற்றில் ஒரு சிகரெட் சாம்பல்கூடப் பறக்காது. எனக்குத் தெரியும். ஆனால் முப்பத்து நாலு வருஷப் பேர் அந்த மேசையில் இருந்தது. ஒரு கட்டிங் மிஷினிடம் தோற்றுப்போய் வீட்டுக்கு நடக்க எனக்கு மனசில்லை. என் கைராசிதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. கைகளைப் பற்றி நினைக்கவில்லை.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே மச்சினன் இன்னோர் அடுக்கை வைத்தான். மிதித்தேன். இந்தத் தடவை கிளாம்ப் முழுசாக இறங்கியது. அடியில் என்னவோ நொறுங்கிக்கொண்டே இறங்கியது.

இடது கையை இடது பொத்தானில் வைத்தேன். வலது கையை வலது பொத்தானில் வைத்தேன்.

சுவர்க் கடிகாரம் 3.12.

அமுக்கினேன்.

சரக் என்று கேட்கவில்லை.

நறுக்... நறுக்.

பச்சைக் கிளை முறிகிற சத்தம். ஒரே வெட்டுக்கு இரண்டு தடவை.

காகிதம் அழகாக வெட்டுப்பட்டிருந்தது. வெள்ளை வெளேர் என்று. ஒரு சொட்டு ரத்தமில்லை. திரையைப் பார்த்தேன். பதினாறும் பச்சை.

'மேசையில் கை இல்லை.'

"பாத்தியாடா!" என்று இரண்டு கையையும் தூக்கினேன்.

முதல் அடி அப்போதுதான் விழுந்தது.

விலாவில். மட்! உள்ளே எலும்பு உடைகிற சத்தத்தை என் காதால் கேட்டேன். அறை வாங்கியிருக்கிறேன், அதில் விரல் தெரியும். குத்து வாங்கியிருக்கிறேன், அதில் முட்டி தெரியும். இதில் இரண்டும் இல்லை. உருட்டுக்கட்டையின் நுனியால் இடித்த மாதிரி. மொட்டையாக.

அடுத்தது தாடையில். ஒரு பல் தெறித்துப் போய் மை டப்பாவில் விழுந்தது. அடுத்தது கழுத்தில். இடது, வலது. இடது, வலது. நெல்லடிக்கிற வேகம். எதிரில் யாருமில்லை. வெயில் அடிக்கிற ஜன்னல், அதற்கு முன்னால் வெறும் காற்று. அந்தக் காற்று என்னை அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று குறுக்கே பாய்ந்த மச்சினன் வயிற்றில் இடி வாங்கிக் காகித அலமாரி வரை போய் விழுந்தான். அலமாரி அவன் மேல் சாய்ந்தது. கம்ப்யூட்டர் திரை இடத்தைவிட்டு எகிறி வயரில் தொங்கியது.

நான் தரையில் கிடந்தேன். தவழ்ந்தேன். வாசலுக்கு முப்பது அடி. அதில் நாலு அடி போயிருப்பேன்.

முதுகில் ஒரு கனம் ஏறியது.

முழங்கை மடிப்பு ஒன்று கழுத்தைச் சுற்றி வளைத்தது. அது என்னைப் பிடிக்கவில்லை. பிடிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. அணைத்துத் தூக்கியது.

என் முகம் மேசையில் மோதியது. இரும்பு ஜில்லென்றிருந்தது.

என் இரண்டு கைகளையும் இரண்டு முழங்கைகள் நெம்பின. முன்னால் தள்ளின. கத்திக்கு அடியில்... அதையும் தாண்டி.

காலடியில் மிதி தானாக அமுங்கியது.

தும்.

கிளாம்ப் என் உள்ளங்கைகள் மேல் உட்கார்ந்தது. தொண்ணூறு. நான் ஏற்றி வைத்த அழுத்தம்.

கத்தினேன். எந்த மொழியில் என்று தெரியவில்லை.

முதுகில் இருந்த கனம் இறங்கியது. இப்போது அது என்னைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இடது ஓரத்தில் பொத்தான் அமுங்கியது. விளக்கு எரிந்தது.

வலது ஓரத்தில்... பொத்தான் அமுங்கப் பார்த்தது. வழுக்கியது.

இரண்டும் ஒரே நேரத்தில் அமுங்க வேண்டும்.

மறுபடி இடது. மறுபடி வலது. வழுக்கியது.

மொட்டைக் கட்டையால் அமுக்குவது கஷ்டம் போலும்.

மூன்றாம் தடவை.

இரண்டு விளக்கும் எரிந்தன.

கத்தி அசைந்தது.

என் மணிக்கட்டுகளின் மேல் ஒரு நிழல் விழுந்தது. மெல்லிய கோடு. பிறகு குளிர். பிறகு சூடு.

"ஐயோ!" அது ஸ்கேல் அக்காவின் குரல்.

டப்!

கத்தி நின்றது.

தோலுக்குள் ஒரு நூலளவு போய் நின்றது. அவள் மிஷினுக்குப் பின்னால் புகுந்து, நான் முறுக்கி வைத்த கம்பியை நகத்தாலேயே பிய்த்து எறிந்திருந்தாள். கண்களுக்கு மறுபடி பேச்சு வந்துவிட்டது. வயரில் தொங்கிக்கொண்டிருந்த திரையில் சிவப்பு எழுத்து ஆடியது.

'மேசையில் கை உள்ளது. அகற்றவும்.'

இந்தத் தடவை என்னுடையது.

மணி 3.16. கிளாம்ப் தூக்கிக்கொண்டது; கைகளை உருவிக்கொண்டேன். கூடத்தில் சத்தமே இல்லை. அடியும் இல்லை, கனமும் இல்லை. வந்தது போய்விட்டது. ஒரு ஸ்விட்சை அணைத்த மாதிரி.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துத் தெரு அச்சகத்தில் கெஞ்சிக் கூத்தாடி மச்சினன் நோட்டை வெட்டி வாங்கினான். ஏழு மணிக்கு வண்டி போனது. பரீட்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் என் விலாவுக்கு ஒரு பட்டையும் இரண்டு மணிக்கட்டுக்கும் கட்டும் போட்டார்கள். உள்ளங்கைகள் கன்றி வீங்கியதோடு தப்பின.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணப் போன மனுஷன் எவராவது விலா ஒடிஞ்சு வருவாராங்க?" என்றாள் மனைவி. "என் தம்பி மூக்கு வேற மாங்கா மாதிரி வீங்கிக் கிடக்கு. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். "வழக்கம்போல ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்துபோய்விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டாமல் சொன்னேன். அதையும் நம்பவில்லை.

படுத்திருந்த நாட்களில் அந்த அப்டேட்டோடு வந்த குறிப்பைப் போனில் தேடி எடுத்துப் படித்தேன். யாரும் படிக்காத குறிப்பு. பதினோராவது வரியில் இருந்தது: 'கைகளை உணரும் திறன் கூட்டப்பட்டுள்ளது. இதுவரை தவறவிட்ட கைகளையும் இனி அறியும்.'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் மச்சினன் வந்தான். மூக்கில் பிளாஸ்திரி. உட்காரவில்லை.

"மாமா, நம்ம மிஷினை மூணு வருஷம் முன்னாடி ஒரு மூடின அச்சகத்துல வாங்கினேன்ல? அங்க இருபத்திரண்டு வருஷம் அதே மிஷின்ல வேலை பார்த்தவர் இறந்துட்டாராம். பழைய முதலாளி இப்பத்தான் போன் பண்ணினார்."

"எப்ப இறந்தார்?"

"போன வியாழக்கிழமை."

"மிஷின்ல கை போனவரா?"

"இல்ல மாமா. விசாரிச்சுட்டேன். அவருக்கு ஒரு கீறல்கூடப் பட்டதில்லையாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று இருந்த கடைசி நிம்மதி அதுதான். துக்கம் கேட்கப் போவது முறை என்று மச்சினன் சொன்னான். நானும் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னல் ஓரம் ஒரு காலிக் கட்டில். அவருடைய மகள்தான் இருந்தாள். நாற்பது வயதிருக்கும், பள்ளிக்கூட டீச்சர். அழுது ஓய்ந்த முகம்.

"மிஷினை லாரியில ஏத்தின வாரமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு சார். மூணு வருஷமா இந்தக் கட்டில்தான். பேச்சு கிடையாது. யாரையும் அடையாளம் தெரியாது. கை மட்டும் ஆடிட்டே இருக்கும்."

"எப்படி... ஆடும்?"

அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. காற்றில் எதையோ தட்டிச் சீர் செய்வது போல.

"காலையில எட்டரைக்கு ஆரம்பிக்கும். ஒரு மணியில இருந்து ஒண்ணரை வரைக்கும் நிக்கும். அப்புறம் அஞ்சு வரைக்கும். டாக்டர் ஏதோ நரம்புன்னார். எங்களுக்குப் பழகிடுச்சு."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அன்னிக்கு மூணு மணிக்கு மேல அப்பா துடிச்சார் சார். கையை உருவ முடியாத மாதிரி இழுத்தார், இழுத்தார். மூணு பன்னிரண்டுக்கு ரெண்டு கையும் மணிக்கட்டோட தொங்கிடுச்சு. உள்ள எலும்பு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா முறிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். எப்படின்னு அவருக்கும் தெரியல."

"அப்பவே... போயிட்டாரா?"

"இல்ல சார். அதுதான்..." அவள் கட்டிலையே பார்த்தாள். "மூணு வருஷமா புரண்டுகூடப் படுக்காதவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த முறிஞ்ச கையால காத்துல அடிச்சார். அடி அடின்னு அடிச்சார். யாரையோ கழுத்தை வளைச்சுத் தூக்கினார். நாலு பேர் பிடிச்சும் அடங்கல. மூணு பதினாறுக்குச் சட்டுனு சாய்ஞ்சுட்டார்."

அப்படியானால், அன்று கூடத்தில் என்னை அடித்தபோது அந்த மனிதர் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.

"சாயறதுக்கு முன்னாடி பேசினார் சார். மூணு வருஷத்துல அந்த ஒரே தடவை. கீழ் வீடு வரைக்கும் கேட்டுச்சு."

"என்ன சொன்னார்?"

"'கை இருக்குன்னு எழுதியிருக்குல்ல... படிக்கத் தெரியாதாடா உனக்கு?'"

யாரைக் கேட்டார், எதைப் படிக்கச் சொன்னார் என்று தங்களில் ஒருவருக்கும் இன்னும் புரியவில்லை என்றாள்.

நான் சட்டைக் கைகள் இரண்டையும் மெல்ல இறக்கி, மணிக்கட்டுக் கட்டுகளை மூடிக்கொண்டேன்.